காசிம் நானா என் பெரிய மாமனாரான கதை

புது மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது. எனக்குக் கொஞ்சம் தெரிந்து தொலைத்தது. (காசிம் நானாவின் கால் உடைந்ததற்கு மழைதான் காரணம். அதற்குப் பிறகு நடந்ததுக்கெல்லாம் நான்தான்.)

மாத்தளை டவுனில் என் மாமனார் ஒரு டாக்கிக் கொட்டகை நடத்தினார். தகரக் கூரை, மர பெஞ்சு, ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு இரத்தோட்டைத் தோட்டங்களிலிருந்து வந்து குவிகிற சனம். வேலையாளுக்கு அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு கொடுக்கணும் என்று புதுசாகச் சட்டம் வந்திருந்தது. அதற்கு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி, கண்டியிலிருந்து ஓர் ஏஜென்ட் வந்து இங்கிலீஷில் அச்சடித்த ஒரு பாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமனார் அதை என்னிடம் நீட்டி, நீங்கதான் படிச்சவரு, பார்த்து எழுதுங்க மாப்பிள்ளை என்றார். கல்யாணமாகி நாற்பது நாள்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொட்டகை வேலைக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் தாறுமாறாக இருந்தது. அதிலும் படம் ஓட்டுகிறவருக்கு ரொம்ப அதிகம். பிலிம் தீப்பிடிக்குமாம். ஆனால் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி: முதலாளியின் குடும்பத்தாரை வேலையாளாகச் சேர்க்க வேண்டியதில்லை. படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் கொட்டகையில் யாரை யார் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? படம் ஓட்டுகிற காசிமை மாமனாரே 'நானா' என்பார். அண்ணன் என்று எழுதினேன். போஸ்டர் ஒட்டுகிற பண்டா எல்லாருக்கும் 'மல்லி'. தம்பி என்று எழுதினேன். டிக்கெட் கிழிக்கிற வேலு என்னை 'மச்சான்' என்பான். அவனை மாமனாருக்கு மகனாக்கினேன். (என் மனைவி கமலாவுக்குத் திடீரென்று ஒரு அண்ணன் கிடைத்தான்.) வேலையாள் என்று மிஞ்சியவர் பெஞ்சு துடைக்கிற கிழவர் ஒருவர்தான். மாமனார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கட்டணம் குறைந்ததைக் கேட்டு மாமியாரிடம் என்னைப் புகழ்ந்து தள்ளினார். அன்றைக்கு என் இலையில் இரண்டு முட்டை விழுந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் ஓடும்போதே கூரை ஒழுகி மெஷின் மேல் சொட்டியது. தகரத்தைச் சரிபண்ண ஏறின காசிம் நானா வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு மாசம் எழும்ப முடியாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மனுசனுக்கு நாலு பெண் பிள்ளைகள், சம்பாதிக்கிறது அவர் ஒருத்தர்தான். அதுக்குத்தானே இன்ஷூரன்ஸ் இருக்கு, பயப்படாதீங்க நானா என்று மாமனார் சொல்லச் சொல்ல நானும் தலையாட்டினேன். நான் எழுதின பாரத்தில் நானா வேலையாளே இல்லை. அவ்வளவு கோழை நான்.

மூன்றாம் நாள் ஏஜென்ட் பாரத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கட்டிலில் தொப்பியோடு படுத்திருந்த நானாவைப் பார்த்தார். பக்கத்தில் ஓதிக்கொண்டிருந்த அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு நெற்றியில் விபூதியோடு நின்ற என் மாமனாரைப் பார்த்தார்.

"இவரு உங்க அண்ணன்னு எழுதியிருக்கே? பொய்யின்னா நீங்க கோர்ட்டுக்குப் போகணும்."

மாமனார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஓ தொரை. நான் இவருட நானாதான். வாப்பா ஒண்ணு, உம்மா வேற."

ஏஜென்ட் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. நானாவின் மனைவி ஓதுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் என்று ஒப்புக்கொண்டால் தனக்கு ஒரு சதமும் கிடைக்காது என்று நானாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். அந்த இடத்தில் நான் உடைந்துபோனேன். நான்தான் எழுதினேன், மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது என்று அழுதுகொண்டே ஏஜென்டிடம் சொன்னேன்.

அவர் நல்ல மனுசன். வழக்குப் போடமாட்டோம், பாரத்தை ஒழுங்காக எழுதிக் கொடுங்கள், ஆனால் இந்தக் காலுக்குக் கம்பெனி பணம் தராது என்றார். மாமனார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆறு மாசமும் நானாவின் சம்பளம் அவர் வீட்டுக்குப் போனது. அதற்கு முதலில் விற்றது எனக்குக் கல்யாணத்துக்குப் போட்ட சைக்கிளை. பிறகு பல வருசம் நான் நடந்தேன். நடக்கத்தான் வேணும் எனக்கு.

ஆனால் மாமனார் அந்தப் பாரத்தில் ஒரு வரியை மட்டும் பொய்யாக்கவில்லை. மைத்துனி கல்யாணத்தில் பெண்ணின் பெரியப்பா என்று காசிம் நானாவைத்தான் முன்வரிசையில் உட்காரவைத்தார். என் பிள்ளைகளுக்கு அவர் பெரிய தாத்தா. பெருநாளைக்கு அவர் வீட்டு இனிப்பு வட்டிலாப்பம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இன்றைக்கும் வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் எழுத உட்கார்ந்தால், மாமியார் மறக்காமல் சொல்வார்:

"பேனாவை மாப்பிள்ளைகிட்ட குடுக்காதீங்க. இருக்கிற சொந்தமே போதும்."