டெய்சிக்கு ஆகாதவை

மீன்பெட்டி ஐஸுக்குள் டெய்சியின் இடது முன்னங்காலை இறக்கி வைப்பதற்குள் சைமனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. காசிமேட்டில் உடைத்து வாங்கிய ஐஸ். வீக்கம் வடிகிறதோ இல்லையோ, குதிரைக்கு நெத்திலி வாடை வந்துவிட்டது.

டெய்சி அவனிடம் இருக்கும் ஒரே குதிரை. ராயபுரத்து மாப்பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் முதுகில் ஏறித்தான் கல்யாணத்துக்குப் போனார்கள். இன்று காலை பார்த்தால் முட்டிக்குக் கீழே வீங்கி, தொட்ட இடம் சுட்டது. நடத்திப் பார்த்தான், லேசாக நொண்டினாள்.

கால்நடை டாக்டர் ஷாஸியா வந்து தடவிப் பார்த்து, தசைநார் பிசகியிருக்கிறது என்றார். ஐஸ் வைக்கலாம், கட்டுப் போடலாம், கையில் பிடித்து நாலடி நடத்தலாம். யாரும் ஏறக் கூடாது. ஏறினால் அந்தக் கால் அவ்வளவுதான்.

சாயங்காலம் ஊர்வலம். வண்ணாரப்பேட்டை பாத்திரக்கடை அய்யாத்துரை அண்ணாச்சியின் தங்கை மகன்தான் மாப்பிள்ளை. நேற்று ராத்திரிதான் அண்ணாச்சி அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து, குதிரை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முகூர்த்த நாள், ஊரில் வேறு குதிரை எதுவும் காலியாக இல்லை.

"கால் வீங்கிக்கீதுன்னு சொல்லிட்டு வுட்டுடேன்யா," என்றாள் அவன் மனைவி சில்வியா.

"நொண்டிக் குதிரன்னு ஒருவாட்டி பேரு வந்துச்சுன்னா எந்த மாப்ள ஏறுவான்? அப்பால இவள வித்துட்டுத்தான் மறுவேல பாக்கணும்."

விற்பது என்ற சொல் தன் வாயிலிருந்தே வந்ததும் சைமன் டெய்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஆகவே ஒரு முடிவுக்கு வந்தான். குதிரை வேண்டாம் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டான். டெய்சிக்கு பேண்டு சத்தம் ஆகாது, மிரண்டுவிடுவாள் என்றான். பேண்டு இல்லாமல் எவனாவது ஊர்வலம் போவானா? அண்ணாச்சி போவார் போலிருந்தது. பேண்டுக்காரர்களை அப்போதே நிறுத்திவிட்டார்.

போனை வைத்த பிறகுதான் சைமனுக்கு உறைத்தது. பேண்டு அடித்தாலாவது குளம்புச் சத்தம் அமுங்கும். இப்போது அவள் நொண்டுவது தெருக்கோடி வரை கேட்கும்.

மறுபடி போன். டெய்சி வேகமாக நடக்கமாட்டாள், நத்தை தோற்றுவிடும் என்றான். அதுதான் எங்களுக்கும் வேண்டும் என்றார் அண்ணாச்சி. இனி ஊரே நின்று நிதானமாக டெய்சியின் வீங்கிய காலைப் பார்க்குமே என்று சைமன் நொந்துகொண்டான்.

மூன்றாம் முறை, புது ஆள் ஏறினால் கடிப்பாள் என்று ஒரே போடாகப் போட்டான். குதிரையின் வாயைப் பிடிக்கக் கடையில் மூட்டை தூக்கும் இரண்டு தடியன்களை டெம்போவோடு இப்போதே அனுப்புவதாக பதில் வந்தது.

"வாயக் குடுத்து மாட்டிக்கினியா?" என்றாள் சில்வியா. ஆனாலும் அவள்தான் தன் பழைய ஜரிகைச் சேலையைக் கிழித்து, கட்டு தெரியாதபடி நாலு காலிலும் சுற்றிவிட்டாள். வைத்தியம் அலங்காரமாகிவிட்டது.

அதுவும் வினையாயிற்று. மண்டபத்து வாசலில் டெய்சியை டெம்போவிலிருந்து இறக்கியதும் பெண் வீட்டார் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஜரிகை அவ்வளவு அழகாம். சைமன் வீங்கிய காலை மறைத்துக்கொண்டு நின்றான். சற்றுத் தள்ளி, கண்ணாடி ஏற்றிய காருக்குள் மாப்பிள்ளை பாலகணேஷ் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். யாரையும் கிட்டே விடவில்லை.

"ஏத்திருவோமா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

அந்த நேரம் பார்த்து டெய்சி வீங்கிய காலை மெல்லத் தூக்கினாள். தரையில் வைக்கவில்லை. தலையைத் திருப்பி சைமனின் தோளில் மூக்கை வைத்தாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பேராவது, ஒன்றாவது. அண்ணாச்சியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான்.

"மன்னிச்சிக்கோ அண்ணாச்சி, நான் சொன்னது அல்லாமே டூப்பு. இவளுக்குக் கால் வீங்கிக்கீது. ஆள் ஏறுனா காலு பூடும். ஊரு என்ன நொண்டிக் குதிரக்காரன்னு சொல்லட்டும், பரவால்ல. மாப்ளய நடந்து வரச் சொல்லு, நான் இவள பக்கத்துல கூட்டியாறேன்."

அண்ணாச்சி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா சீனியம்மாள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள். அண்ணன் சொன்னதைக் கேட்டாள். பெண் வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லையே என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சைமனின் காதோரம் குனிந்தாள்.

"நேத்து மாடிப்படியில உருண்டு, காலு வீங்கி, தரையில ஊன முடியாமல்லா உக்காந்திருக்கான், அவன் நடப்பாம்னா நாங்க எதுக்குய்யா குதிரை கேக்கோம்?"