பெருச்சாளி சபாபதி பச்சை வயரைக் கண்டுபிடித்த கதை

ஒரு காட்டில் தார் ரோடு போட்ட பிறகு, வையாபுரி என்ற கரடி ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டி வந்தது. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கார் அது. அதனால் கரடிக்கு ஒரு கை எப்போதும் ஓய்வாக இருந்தது. அந்தக் கையால் அது வறுத்த கடலை தின்றது.

ஒருநாள் நிறைமாத மான் ஒன்றை மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. பாதி ஏற்றத்தில் ஸ்பீடோமீட்டர் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. கார் மூன்றாவது கியரிலேயே சிக்கிக்கொண்டது. கரடி எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் முக்கியதே தவிர வேகம் கூடவில்லை. பின்னால் நடந்து வந்த எருமை ஒதுங்கச் சொல்லிவிட்டு முந்திப் போனது.

ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் மான் பின் சீட்டிலேயே குட்டி போட்டுவிட்டது. தாயும் குட்டியும் நலம். ஆனால் குட்டியின் அப்பன் காடு முழுக்கப் போய், "வையாபுரி வண்டியில ஏறினா ஆஸ்பத்திரியே வேண்டாம், வழியிலேயே எல்லாம் முடிஞ்சிடும்" என்று சொன்னது. கேட்டவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். சவாரி அடியோடு நின்றது. கரடி வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது.

கரடி முதலில் நரி கோதண்டத்தின் பட்டறைக்குப் போனது. கோதண்டத்திடம் ஸ்கேனர் இருந்தது. அதைக் காரில் செருகியதும், 'ஸ்பீடு சென்சார் சர்க்யூட்டில் கோளாறு' என்று திரையில் வந்தது. கடைசி இரண்டு வார்த்தைகளை நரி படிக்கவில்லை.

"சென்சார் போச்சு" என்று புதுசு மாட்டியது. முள் அசையவில்லை. "புதுசுலயும் சிலது இப்படி வரும்" என்று இன்னொன்று மாட்டியது. அப்போதும் அசையவில்லை.

"அப்ப கியர்பாக்ஸையே மாத்திட வேண்டியதுதான்" என்றது நரி.

கரடி காரை எடுத்துக்கொண்டு ஓடியது. ஓடியது என்பது பேச்சுக்கு. மூன்றாவது கியரில்தான்.

காட்டின் மறுகோடியில் முள்ளம்பன்றி ஞானப்பிரகாசம் பட்டறை வைத்திருந்தது. அது முறையாகத் தொழில் கற்ற மெக்கானிக். முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி, சென்சார் பிளக்கின் கொக்கியை நெம்பிக் கழற்றியது. மீட்டர் வைத்துச் சோதித்தது. பிறகு காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பக்கம் போய் அங்கேயும் சோதித்தது.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு, வையாபுரி. சக்கரத்தைச் சுத்தினா இந்த முனையில சிக்னல் வருது, அந்த முனைக்குப் போய்ச் சேரலை. வண்டி என்ன வேகத்துல போகுதுன்னே கம்ப்யூட்டருக்குத் தெரியலை. அதான் பயந்துபோய் ஒரே கியரைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. நடுவுல எங்கேயோ வயர் அறுந்திருக்கு."

"எங்கேண்ணே?"

"அதைத்தான் தேடணும்."

முள்ளம்பன்றி காருக்கு அடியில் படுத்து, வயர்க் கட்டின் மேல் சுற்றியிருந்த டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே போனது. கரடி சுற்றிச் சுற்றி வந்தது.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

"சீக்கிரமா பார்த்தா தப்பாத்தான் பார்ப்பேன்."

கரடிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வயிறுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போது பக்கத்துப் புதரிலிருந்து சபாபதி என்ற பெருச்சாளி வெளியே வந்தது. நன்றாகத் தின்று கொழுத்த உடம்பு. "என்ன தேடுறீங்க?" என்று கேட்டது. கரடி விவரம் சொன்னது.

"பச்சை வயர்தானே, வெள்ளைக் கோடு போட்டது? பேட்டரிக்கு அடியில வளையுற இடத்துல பாருங்க" என்றது பெருச்சாளி.

பார்த்தார்கள். வயர் அங்கேதான் அறுந்திருந்தது.

"உனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றது முள்ளம்பன்றி.

"நான்தானே கடிச்சேன்."

முள்ளம்பன்றியின் முட்கள் மொத்தமும் நிமிர்ந்தன. ஆனாலும் வேலை வேலைதான். அது வயரை ஒட்டி, டேப் சுற்றிக் கொடுத்தது. கரடி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தது. முள் எழுந்தது. கியர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. கண் கலங்கித் திரும்பி வந்த கரடி, நேராகப் போய்ப் பெருச்சாளியைக் கட்டிக்கொண்டது.

"காலையிலேர்ந்து அண்ணன் தேடிக்கிட்டே இருந்தார். நீ வந்தே, சொல்லிட்டே."

"யோவ், கடிச்சவனே அவன்தான்யா" என்றது முள்ளம்பன்றி.

"கடிச்சதை மறைக்கலையே, அண்ணே. அந்த மனசு யாருக்கு வரும்?"

சேதி பரவியது. சபாபதி பட்டறை திறந்தது. அதுவரை ஒரு கோளாறும் இல்லாத கார்களெல்லாம் வரிசையாகக் கோளாறாயின. ஒவ்வொன்றிலும் எந்த வயர், எந்த இடம் என்று சபாபதி நின்ற இடத்திலிருந்தே சொன்னது. நரி கோதண்டம் ஸ்கேனரை மூட்டை கட்டிவிட்டு அங்கே மேனேஜராகச் சேர்ந்தது.

முள்ளம்பன்றி புலிராஜாவிடம் முறையிடப் போனது.

"போன வாரம் என் ஜீப் நின்னுபோச்சு" என்றது புலி. "சபாபதி பானெட்டைத் திறக்காமலே கோளாறைச் சொன்னான். நீ வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"தேடியிருப்பேன், ராஜா."

"பார்த்தியா."

"அவனே வீடு வீடா வந்து கடிச்சுட்டுப் போறான், ராஜா."

"அதாவது, வீட்டுக்கே வந்து சேவை செய்றான்."

முள்ளம்பன்றியின் பட்டறைக்கு அதன்பின் ஈ காக்கை வரவில்லை. வேறு வழியின்றி அது சபாபதியிடமே வேலை கேட்டுப் போனது. மீட்டர் பிடிக்கத் தெரியும், வயரிங் படம் படிக்கத் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தது. சபாபதி கையமர்த்தியது.

"அதெல்லாம் இருக்கட்டும். பல்லைக் காட்டு."

முள்ளம்பன்றி தயங்கித் தயங்கிக் காட்டியது. உளி மாதிரி நாலு பல், மேலே இரண்டு, கீழே இரண்டு.

சபாபதி எழுந்தே நின்றுவிட்டது. "இவ்வளவு பெரிய பல்லை வாயில வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் மீட்டரைக் கட்டிக்கிட்டு அழுதீங்க? நாளைக்கே வந்து சேருங்க, அண்ணே."

மறுநாள் குரங்கு ஒன்றின் புதுக் காருக்கு அடியில் முள்ளம்பன்றி தன் முதல் வேலையைச் செய்தது. பழக்கம் விடவில்லை. கடிப்பதற்கு முன், சரியான வயர்தானா என்று மீட்டர் வைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டது.

நீதி: தொழிலில் முன்னுக்கு வரப் படிப்பு வேண்டும், கருவி வேண்டும், நேர்மை வேண்டும். பல் நன்றாக இருந்தால் இவை எதுவும் வேண்டாம்.