இடது டயரின் நிரந்தர வதிவிடம்

மனிதகுலம் இதுவரை எட்டிய நாகரிகத்தின் உச்சி எது என்று யாராவது கேட்டால், கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துப் படகுக் கொட்டகை என்று தயங்காமல் சொல்வேன். அந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் பெரிய கிளாக்கராக இருந்தவன் நான். ஆதாரம் இல்லாமல் பேசுவது என் பழக்கம் அல்ல.

படகு எங்கள் பெரிய துரை வில்மட் அவர்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியா ஏரியில் மீன் பிடிப்பதற்காக 1938இல் சீமையிலிருந்து வரவழைத்தார். அதை ஏற்றிக் காரின் பின்னால் இழுத்துப்போக இரண்டு சக்கர டிரெயிலர் ஒன்றும் கூடவே வந்தது. பதினேழு வருடத்தில் படகு தண்ணீரைத் தொட்டது பதினொரு முறை. பிடிபட்ட மீன் நான்கு. அற்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். மீன் பிடிப்பது என்ன பெரிய காரியம்? கொக்குகூடப் பிடிக்கிறது. படகைப் 'பராமரிக்க' எந்தக் கொக்கால் முடியும்?

கொட்டகைக்குப் புதுத் தகரக் கூரை. ஒரு சொட்டு ஒழுகாது. பக்கத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் ஒழுகியது உண்மைதான். ஆனால் லயத்துக்குள் வார்னிஷ் பூசிய பொருள் எதுவும் இல்லையே! டிரெயிலரை மரக்கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தியிருந்தோம். பாரம் டயர்களை அழுத்தக்கூடாது. கிரீஸ் ஒரே பக்கமாக இறங்கி உறைந்துவிடாமல் இருக்கச் சக்கரங்களை நாளுக்கு நாலு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். வெயில் பட்டு ரப்பர் வெடிக்காமல் இருக்க இரண்டு டயருக்கும் கம்பளி உறை. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு வந்த கம்பளிகளில் இரண்டை வெட்டித் தைத்தது. யோசனை என்னுடையது.

இத்தனையும் செய்தவன் நல்லமுத்து. எங்கள் லயத்திலேயே பிறந்தவன். அவன் அப்பனும் இதே மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, இதே மலையில் புதைக்கப்பட்டவன். விடியற்காலையில் ஆட்கள் எல்லாரும் கூடும் பெரட்டில் மற்றவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்குமுன் அவனைத்தான் முதலில் அழைப்பேன்.

"படகு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க ஐயா."

"டயரு?"

"இடது டயருல காத்துக் கொஞ்சம் கொறச்சலுங்க."

உடனே பெரட்டு நிற்கும். முந்நூறு பேர் பனியில் நிற்க, நான் பம்போடு கொட்டகைக்கு ஆள் அனுப்புவேன். ஒருநாள் நல்லமுத்து, "ஐயா, சம்சாரத்துக்கு மூணு நாளாக் காய்ச்சலுங்க" என்றான். "அது டிஸ்பென்சரி விசயம். டயரைச் சொல்லு" என்றேன். நிர்வாகம் என்றால் அதுதான்.

இவை அனைத்தையும் நாள் தவறாமல் ஒரு புத்தகத்தில் எழுதிவந்தேன். தடித்த அட்டை, சிவப்பு முதுகு; ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. "1941 மார்ச் 4. இடது டயர் கழுவிச் சாம்பல்தூள் போட்டது. நலம்." "1943 ஜூலை 19. வலது டயருக்கு ஆணி. ஒட்டுப் போட்டது. தேறி வருகிறது." ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையொப்பம்.

சக்கரத்து கிரீசை மாதம் இரண்டு முறை வழித்தெடுத்துப் புதிது அடைக்க வேண்டும். துணியால் துடைத்தால் நூல் பிரிந்து உள்ளே போய்ச் சக்கரம் கெட்டுவிடும், காகிதத்தால்தான் துடைக்க வேண்டும் என்பது துரையின் கட்டளை. ஆபிஸ் பின்னறையில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடந்தன. நல்ல தடித்த தாள். நானே கிழித்துக் கொடுப்பேன்.

"ஐயா, இதுல ஏதோ வரிவரியா எழுதியிருக்குங்களே?" என்று ஒருமுறை கேட்டான் நல்லமுத்து.

"ஒனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பத் தொட."

துடைத்தான். ஒரு பொட்டு கிரீஸ் மிச்சமில்லாமல் துடைத்தான். எட்டு வருடம் அப்படித் துடைத்தான்.

1955இல், நல்லமுத்துவின் குடியுரிமை மனுவை விசாரிக்க ஓர் அதிகாரி தோட்டத்துக்கே வந்தார். 1939இலிருந்து இடைவிடாமல் இந்த நாட்டிலேயே வாழ்ந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வேண்டும். இருந்தால் அவன் இந்நாட்டுப் பிரசை. இல்லாவிட்டால் பிறந்த லயத்திலேயே அந்நியன். கோட்டும் தலைப்பாகையுமாக அவனும், அவன் சம்சாரம் சண்முகவடிவும் காலையிலிருந்தே ஆபிஸ் வாசலில் நின்றார்கள்.

"அந்தக் காலத்துல நீங்க இங்கதான் இருந்தீங்களா?" என்றார் அதிகாரி.

"இங்கதாங்க இருந்தேன். எங்கங்க போறது? படகை யாரு பாத்துக்குவா?"

"எழுத்துல என்ன இருக்கு?"

இந்த இடத்தில்தான் நான் எழுந்தேன். சிவப்பு முதுகுப் புத்தகங்கள் ஆறையும் மேசைமேல் அடுக்கினேன். அதிகாரி அரைமணி நேரம் புரட்டினார்.

"இதுல இவர் பேர் எங்க இருக்கு?"

"இது படகுப் புத்தகமுங்க. படகு சம்பந்தப்பட்ட விசயம் மட்டுந்தான் எழுதுவோம்."

"வேலை செஞ்சவர் பேர்?"

"மேற்பார்வை பாத்தவர் பேரு இருக்குங்க. நான்தான்."

அவர் புத்தகத்தை மூடினார். "பெரிய கிளாக்கர், பதினேழு வருசம் ஒரு நாள்கூடத் தவறாம இந்த இடது டயர் இலங்கையில இருந்திருக்கு. மனுப் போட்டிருந்தா அதுக்கு இன்னைக்கே பிரசாவுரிமை குடுத்திருப்பேன். சரி, செக்ரோலைக் கொண்டு வாங்க. முப்பத்தொன்பதுலேர்ந்து."

செக்ரோல் என்பது, யார் எந்த நாளில் வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் பெயராக எழுதிவைக்கும் புத்தகம். பின்னறைக்குப் போனேன். 1939 முதல் 1947 வரை ஒன்பது புத்தகங்கள் வரிசையாக இருந்தன. அதாவது, ஒன்பது அட்டைகள் இருந்தன. அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அதற்குமுன் அப்படி இருந்ததில்லை.

அட்டைகளோடு நான் வெளியே வந்ததும் நல்லமுத்துவுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா, அந்தத் தடிச்ச தாளுங்களா?"

அட்டைகளை அதிகாரியின் முன்னால் அடுக்கினேன்.

"அதுல எம்பேரு இருந்துச்சுங்களா?"

"ஒம்பேரும் இருந்துச்சு. எல்லார் பேரும் இருந்துச்சு."

அவன் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. சண்முகவடிவுதான் பேசினாள்.

"ஏங்கய்யா, அம்புட்டு வருசமா சக்கரத்தப் பத்தி எழுதுனீங்களே. ஒரே ஒரு நாளு, 'இன்னைக்கு நல்லமுத்து வந்தான்'னு எழுதியிருந்தா மை தீந்துபோயிருக்குமா?"

இது அலுவலக மரியாதைக்கு உகந்த பேச்சு அல்ல. ஆயினும் அவளை நான் அதட்டவில்லை.

மூன்று மாதத்தில், அத்தாட்சி போதாதென்று மனு தள்ளுபடியானது. செய்தியைத் துரையிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே முகம் வாடினார்.

"ஐயோ பாவம்!" என்றார். "என்றைக்காவது இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டால் படகை யார் பார்ப்பது? இப்போதே வேறு ஆளைப் பழக்கு."

மறுநாள் பெரட்டில் வழக்கம்போல் முதலில் அவனை அழைத்தேன்.

"டயரு?"

"நல்லா இருக்குங்க. அது எங்கயும் போவாதுங்க."

ஆபிசுக்குப் போய்ப் படகுப் புத்தகத்தைத் திறந்தேன். சண்முகவடிவு கேட்டது காதிலேயே நின்றது. மை நிறையவே இருந்தது. பதினேழு வருடத்தில் முதன்முறையாக அதில் அவன் பெயரை எழுதினேன்:

"நல்லமுத்து. குடியுரிமை இல்லை. பதில் ஆள் தேவை. இரண்டு டயரும் நலம்."

கீழே என் கையொப்பம்.