கடமானுக்குப் போட்ட கூப்பாடு

எனக்கு எழுபத்தி மூணு வயசு. பெத்து வளர்த்தது நாலு. பெறாமல் வளர்த்தது எருமை, மாடு, ஆடு என்று ஒரு கட்டுத்தரை நிறைய. மூணாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் போர்டு படிப்பேன் (பஸ் நின்றுகொண்டிருந்தால்). இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மகனோட பெண் தாரணி.

இத்தனை வயசில், "எனக்குத் தெரியாதுங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்று நான் ஒருத்தரிடமும் கேட்டது கிடையாது. அதைப் பெரிய பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருசம் ஆடி மாசம், உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில், ஒரு காலை நேரத்தில் அந்தப் பெருமை கூடாரத்தோடு கிழிந்தது.

என் மூணாவது மகள் கோகிலா அலாஸ்காவில் இருக்கிறாள். கோயமுத்தூர் கணபதியில் எங்கள் ஊட்டு மொட்டை மாடியில் நின்று வடக்கே கையை நீட்டினால், அதற்கப்புறம் நீட்டுவதற்கு ஊரே இல்லாத இடம். அவள் வீட்டுக்காரர் சண்முகம் அங்கே இஞ்சினியர். ஆடியில் பதினைந்து நாள் லீவில் தனியாக வந்தார். வந்தவர் பெட்டியைத் திறந்தார். மகள் ஏதோ சாக்லேட்டுக் கொடுத்து விட்டிருப்பாள் என்று எட்டிப் பார்த்தால், ஒரு கூடாரம், ஒரு கட்டு மேப்பு, நாலு முழக் கயிறு.

"அத்தைங்க, நான் கடமான் வேட்டைக்குப் போறனுங்க" என்றார். முகமெல்லாம் பல்.

அந்த ஊர்க் கடமானுக்கு மூஸ் என்று பேராம். நம்ம மலையில் இருக்கிற கடமானுக்குப் பெரியப்பன். குதிரை உயரம், சோற்றுத் தட்டு மாதிரிக் கொம்பு. ஒன்றை அடித்தால் ஒரு குளிர்காலத்துக்கே ஊட்டுக்குக் கறி.

"இங்க கடமான் மேல கல்லெடுத்து வீசுனாலே கேஸுங்க மாப்பிள்ளை. அங்க மட்டும் சும்மா உட்டுருவாங்களா?"

"அங்க கவர்மென்ட்டே சீட்டுக் குடுக்குதுங்க அத்தை. நான் அந்த ஊர்க்காரனாவே ஆயிட்டதால வழிகாட்டியும் வேண்டியதில்லை. நானும் அங்கயே இருக்கற ஈரோட்டு சிநேகிதன் செந்திலும் நாங்களே போயிக்கலாம். சின்ன ப்ளேனுங்க. சக்கரத்துக்குப் பதிலா படகு வெச்சிருக்கும். நடுக்காட்டுல ஏரியில எறக்கி உட்டுப்போட்டுப் போயிரும். பத்து நாள் கழிச்சு வந்து ஏத்திக்கும்."

"அந்தப் பத்து நாளும் சுத்துவட்டாரத்துல ஆரு இருப்பாங்க?"

"கரடிங்க இருக்குமுங்க."

கரடிக்குக்கூட 'ங்க' போடுகிற மரியாதையான மாப்பிள்ளை. எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று.

"எப்பங்க போறீங்க?"

"புரட்டாசியிலங்க."

"புரட்டாசியிலயா! கறிச் சட்டியையே கழுவிக் கவுத்து வெக்கற மாசமாச்சே!"

"அடிக்கறதுதானுங்க அத்தை புரட்டாசியில. திங்கறது ஐப்பசியில."

எனக்கு அந்தக் கணக்குப் போதும். கோகிலாவுக்குப் போதவில்லை. போனில் முகத்தைக் காட்டி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, போன தடவ பாஸ்போர்ட்டப் பேண்ட்டோட சேத்துத் தொவைக்கப் போட்ட மனுசன் இவரு. இவரக் கரடிகிட்ட அனுப்பச் சொல்றியா? நம்ம தோப்புல ரெண்டு நாள், காட்டுக்குக் கொண்டு போற சாமானை மட்டும் வெச்சுட்டு இருந்து காட்டட்டும். நீ கூடவே இருந்து பாரு. நீ சரின்னா போகட்டும். வேண்டாம்னா அந்த மேப்பை மடிச்சு அலமாரிக்கு மேல போட்டுரு."

மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். எட்டு வருசமாக அவர் இதற்குக் காத்திருக்கிறார். ப்ளேன்காரர் கொடுத்த கெடு வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உறுதி சொல்லாவிட்டால் இடம் வேற ஆளுக்குப் போய்விடும். ஆக, அந்த மனுசனின் எட்டு வருச ஆசை என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. எனக்கு ஒரே குஷி. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னிடம் இத்தனை அதிகாரம் கொடுத்ததில்லை.

சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் நான் இருப்பேனா? மறுநாளே வேட்டைக்குப் பாதி முதலாளி ஆகிவிட்டேன்.

முதலில் எடை. அந்த ப்ளேனில் ஆளுக்கு இத்தனை கிலோ என்று கணக்காம். நான் கொப்பரை நிறுக்கிற கொக்கித் தராசைக் கொண்டுவந்து மாட்டினேன். மாப்பிள்ளை எடை குறைக்கிறேன் என்று பல் விளக்குகிற பிரஷ்ஷின் வாலைப் பாதியாக வெட்டினார்.

"பிரஷ்ஷு வாலை வெட்டறதுக்கு, வயித்தைக் கொஞ்சம் கொறைச்சிருந்தா ஒரு அம்மிக்கல்லே கொண்டு போலாமுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே வயிற்றை உள்ளே இழுத்தார். நான் அந்தப் பக்கம் திரும்பி, அவர் வெட்டின வாலுக்குப் பதிலாக ஒரு படி பருப்புப்பொடி, உப்புக்கண்டம், நாலு கருப்பட்டி வைத்துக் கட்டினேன்.

அடுத்தது சட்டதிட்டம். இங்கேதான் வம்பு முளைத்தது. மாப்பிள்ளை அடிக்கடி, "புல் மட்டுந்தானுங்க அத்தை அடிக்கோணும்" என்பார். "நல்ல புல்லா இருந்தா, கொம்பு அம்பது அங்குல அகலம் இருக்கோணுமுங்க" என்பார்.

'புல்' என்பது இங்கிலீசு, காளை என்று அர்த்தம், ஆண் கடமானை அப்படித்தான் சொல்வார்களாம். இது உங்களுக்கு இப்பவே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாது. நான் என்ன நினைத்தேன் என்றால், கடமானில் புல் தின்கிற சாதி, தழை தின்கிற சாதி என்று ரெண்டு இருக்கும்போல, அரசாங்கம் புல் சாதிக்கு மட்டும் சீட்டுக் கொடுக்கிறது என்று. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாலு பெத்து, ஒரு கட்டுத்தரையையே கட்டி ஆண்டவள், புல் என்றால் என்னவென்று மாப்பிள்ளையிடம் போய்க் கேட்பதா?

"ஆமாமா, புல்லுன்னா தனி ருசிதான்" என்று தலையாட்டிப்போட்டேன். கொம்பை மட்டும், "டேப்பு வெச்சு அளக்கற வரைக்கும் அது நிக்குமுங்களா?" என்று கேட்டேன். அது கேட்க வேண்டிய கேள்வி.

மூணாவது, கூப்பாடு. பெண் கடமான் மாதிரிக் கத்தினால் ஆண் கடமான் தேடிக்கொண்டு வருமாம். கத்துவதற்கு ஒரு புனல் வேண்டும் என்றார், மரப்பட்டையில் செய்வார்களாம். கணபதியில் செய்ய முடியாத சாமான் ஒன்று உண்டா? எங்கள் தெருக்கோடியில் இருக்கிற தகரப் பட்டறையில் சொல்லி, சாயங்காலத்துக்குள் ஒன்று அடித்து வாங்கினேன். கைமுழ நீளம். அதில் மெல்ல இருமினால் சரவணம்பட்டி வரைக்கும் கேட்கும்.

சனிக்கிழமை தோப்புக்குப் போனோம். மாப்பிள்ளை கூடாரம் அடித்தார். ஆடிக்காற்று ரெண்டு தடவை பிடுங்கியது, மூணாவது தடவை நின்றது. மூணு கல் கூட்டிச் சமைத்தார். சோறு குழைந்திருந்தது, ஆனால் சோறுதான். ராத்திரியை இருமாமல் தும்மாமல் தள்ளிவிட்டார். நான் மனசுக்குள் 'சரி' என்று பாதி எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. அங்கே கோகிலாவுக்கு முந்தின நாள் சாயங்காலம். எட்டரைக்குப் போனில் வருவாள், நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குள் கூப்பாட்டையும் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை புனலை எடுத்துக் கத்தினார்.

அதைக் கத்தல் என்று சொல்வது பாவம். வயிற்றுவலிக்காரர் பஸ் ஸ்டாண்டில் முனகுவது மாதிரி இருந்தது.

"கொடுங்க இங்க" என்று வாங்கினேன். "காளை தேடற மாடு எப்படிக் கத்தும்னு அம்பது வருசமாக் காதுல கேட்டவ நான்." சேலையை இழுத்துச் செருகினேன். மூச்சைப் பிடித்தேன். கத்தினேன். மூணு தடவை. தென்னை மரத்தில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பிப் போயிற்று.

"அத்தைங்க... சூப்பருங்க!" என்றார் மாப்பிள்ளை. ஒரு தென்னை மட்டையை எடுத்து மரத்தில் பரட் பரட்டென்று தேய்த்தார். எதிரிக் கடமான் கொம்பு உரசுகிறது என்று அர்த்தமாம். நான் இன்னும் ரெண்டு கத்துக் கத்தினேன். ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டோம்.

காற்று மேற்கே இருந்து அடித்தது. கிழக்கே பக்கத்துத் தோட்டம் கிட்டுசாமி அண்ணனுடையது. அவரிடம் ஒரு காங்கேயம் பொலிகாளை இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை.

மாப்பிள்ளை பைனாகுலரை மாட்டிக்கொண்டு தண்ணித் தொட்டிச் சுவரின் மேல் ஏறினார், காட்டில் அப்படித்தான் பார்க்க வேண்டுமாம். நான் போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, கடைசியாக ஒரு தரம் எடை பார்க்கக் கூடாரத்துக்குள் போனேன்.

"அத்தை! புல் வருது!"

அன்றைக்கு ஒரு வண்டி தீவனப்புல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். காலையிலேயே வந்துவிட்டானே, நல்ல பையன் என்று நினைத்தேன்.

"கட்டுத்தரையில போடச் சொல்லுங்க மாப்பிள்ளை!" என்று உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தேன்.

"அத்தை! நெசமாலுமே புல்லுங்க! பெரிய புல்லு!"

"பெருசா இருந்தா அரிஞ்சு போட்டுக்கலாமுங்க!"

"உங்க பக்கந்தான் வருது, ஓடுங்க!"

"புல்லுக்கு எதுக்குங்க ஓடறது? எறக்கிட்டு இருக்கச் சொல்லுங்க, வாரேன்!"

(கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்த மனுசன். 'காளை' என்று ஒரு வார்த்தை அந்த நேரத்தில் வாயில் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு வாரமாய்ப் புல் புல் என்றே சொல்லிச் சொல்லி நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.)

கூடாரத்தின் சுவரில் முதலில் ஒரு கொம்பு வந்தது. பிறகு இன்னொரு கொம்பு. ரெண்டுக்கும் நடுவில் கிட்டுசாமி அண்ணனின் மயிலைக்காளை, என்னைக் கூப்பிட்ட மாடு எங்கே என்று என்னையே பார்த்துக் கேட்கிற மாதிரி நின்றது.

நான் எந்த வழியாக வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. கூடாரத்துக்கு வாசல் ஒன்றுதான், நான் வந்தது அதன் வழியாக இல்லை. தராசு கையில் இருந்தது. பருப்புப்பொடிப் பொட்டலம் உடைந்து தலை, முகம் எல்லாம் மஞ்சளாய் அப்பிக்கொண்டது. மாப்பிள்ளை என்னைக் காப்பாற்றச் சுவரிலிருந்து குதித்தார். நல்ல மனசு. ஆனால் குதித்த பக்கம் தப்பு. தொட்டிக்குள் தொபீர் என்று விழுந்தார்.

நல்ல வேளை, காளைக்குக் கோபம் இல்லை, ஏமாற்றந்தான். சிதறிக் கிடந்த கருப்பட்டியை மோந்தது. நான் ஒரு துண்டை நீட்டி, "ஓ... ஓ... ராசா" என்று மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தென்னையில் கட்டினேன். கட்டி முடித்துத் திரும்பினால், கல்லில் சாய்த்த போனிலிருந்து குரல்.

"அம்மா. என்னம்மா நடக்குது அங்க?"

எட்டரை ஆகியிருக்கிறது. போன் அடிக்க, தொட்டியிலிருந்து கையை நீட்டி மாப்பிள்ளைதான் பழக்க தோசத்தில் அமுக்கியிருக்கிறார். கிழிந்த கூடாரம், கட்டின காளை, பருப்புப்பொடி பூசின நான், கழுத்தளவு தண்ணியில் அவள் புருசன். எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கியிருந்தது.

"அந்தக் காளைய ஆரு கூப்புட்டது?" என்றாள்.

பெத்த மகளல்லவா, கேள்வி நேராக வந்தது.

"நாந்தான்" என்றார் மாப்பிள்ளை, தொட்டிக்குள் இருந்து. "கூப்பாடு பழகிட்டு இருந்தேன். தப்பு எம்மேலதான்."

"பாத்தியாம்மா? நம்ம தோப்புலயே இந்த லட்சணம். நீயே சொல்லு, இவர அனுப்பலாமா?"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். என் கௌரவத்துக்கு ஒரு கீறல் இல்லை. மேப்பு அலமாரிக்கு மேலே போயிருக்கும். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. தலையில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். எட்டு வருசத்தை அத்தைக்காக விட்டுக்கொடுக்கிறவர், தலையில் பாசியோடு இருந்தால் எப்படி இருப்பார் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

"கண்ணு, கூப்புட்டது நானு" என்றேன். "புல்லுன்னா என்னன்னும் எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு கேக்கவும் இல்ல. அவரு வருது வருதுன்னு கத்துனாரு, நான் கட்டுத்தரையில போடச் சொன்னேன்."

போனுக்குள் 'குக்' என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் கோகிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கி அவள் எழுந்திருக்கும் வரை நானும் மாப்பிள்ளையும் காத்திருந்தோம்.

"அவரு போகட்டும்" என்றேன். "எதிர்ல கொம்பு வந்தா, தன்னைப் பாக்காம அடுத்தவங்களத்தான் பாக்கறாரு. குதிக்கற பக்கம் தண்ணி இருக்குதான்னு மட்டும் செந்திலைப் பாத்துக்கச் சொல்லு."

புரட்டாசியில் போனார்கள். ப்ளேன் ஏரியில் இறக்கிவிட்டுப் போயிற்று. நாலு நாள் மழை, ஒரு கொம்பும் கண்ணில் படவில்லை. அஞ்சாம் நாள் காலையில் மாப்பிள்ளை நான் கொடுத்துவிட்ட தகரப் புனலை எடுத்து, நான் கத்தின மாதிரியே கத்தினாராம். கொஞ்ச நேரத்தில் மரத்தை முறித்துக்கொண்டு, அம்பது அங்குலத்துக்கு மேலேயே கொம்போடு ஒன்று ஏரிக்கரைக்கு வந்து நின்றது. மாப்பிள்ளை துப்பாக்கியைத் தோளில் வைத்தார். மூச்சுப் பிடித்தார். பக்கத்தில் செந்தில், தெரியாத்தனமாய், காதோரம் சொன்னாராம்:

"டேய்... புல் வருதுடா."

மாப்பிள்ளை வாயிலிருந்து தானாக வந்தது: "கட்டுத்தரையில போடச் சொல்லு."

அவ்வளவுதான். ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கடமான் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, இது சரிப்படாது என்று காட்டுக்குள் போய்விட்டது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. ப்ளேன்காரர் வந்து ஏற்றும்போது, இத்தனை எடை குறைவாக, இத்தனை சிரிப்போடு ஒருத்தரும் திரும்பினதில்லை என்றாராம்.

இப்போது எங்கள் ஊட்டில் வேண்டாத விருந்தாளி கேட்டைத் திறந்தால், "புல் வருது" என்று ஒரு குரல் வரும். இன்னொரு குரல், "கட்டுத்தரையில போடு" என்று சொல்லும். வந்தவர்கள், மாட்டுக்குத்தான் தீவனம் வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். தகரப் புனலை மாப்பிள்ளை அலாஸ்கா ஊட்டு முன்னறையில் மாட்டி வைத்திருக்கிறார், கடமான் தலை மாட்ட வேண்டிய ஆணியில்.

தாரணி கண்ணு, எழுதினது போதும். ஒருக்கா மொதல்ல இருந்து படி, கேக்கறேன். புல்லு வர்ற எடத்துல சிரிக்கக் கூடாது. தெரியாத வார்த்தை ஏதாச்சும் வந்தா நிறுத்து... நானே உன்னைக் கேட்டுக்கறேன்.