பெண்டுலம் அண்ணனின் பித்தளை மணி

உட்காரத் தெரியாமலே பிறந்துவிட்ட ஒரு மனிதரை எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில், கேளம்பாக்கத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த வங்கிக் கிளையின் காவலாளி அவர். பட்டாளத்திலிருந்து வந்தவர். தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வாசலுக்கும் கேஷ் கவுண்டருக்கும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார். முதுகுக்குப் பின்னால் பெண்டுலம் என்போம். முகத்துக்கு நேரே அண்ணே.

அவர் உயிர் துப்பாக்கியில்கூட இல்லை. குழல் நுனியில், குறிபார்க்க வசதியாக மிளகு அளவுக்கு ஒரு பித்தளை மணி இருக்குமே, அதில் இருந்தது. தினமும் காலையில் புளி போட்டுத் தேய்ப்பார். மின்னுகிறதா என்று பார்க்க, தோட்டா போடாத துப்பாக்கியைத் தூக்கி, கண்ணில் பட்டதையெல்லாம் குறிபார்ப்பார். மின்விசிறி, காலண்டர், மேனேஜர் அறைக் கதவு. ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு மேனேஜரே வந்துவிட்டார். இன்னொரு நாள் பென்ஷன்காரர் ஒருவர் பாஸ்புக்கோடு இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

“பயப்படாதீங்க பெரியவரே, உள்ள ஒண்ணியும் இல்ல. மணியத்தான் பாத்துகினு கீறேன்.”

வருஷத்துக்கு ஒருமுறை வங்கிக் காவலாளிகளைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மலையடிவாரத்துக்கு அழைத்துப்போய்ச் சுடச் சொல்வார்கள். ஐந்து தோட்டா, ஐந்து மண்சட்டி. மூன்று சட்டியாவது உடைய வேண்டும். பெண்டுலம் இரண்டு வருஷமாக ஒரு சட்டியைக்கூட உடைக்கவில்லை. “இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா வேலை போயிடும், என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்று மேனேஜர் கைவிரித்துவிட்டார். வீட்டில் பெரிய பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அண்ணனின் நடையும் இரட்டிப்பானது, புளியும் இரட்டிப்பானது.

சுடுகிற பரீட்சைக்கு முதல் நாள் தேய்த்த தேய்ப்பில் மணி கழன்று விழுந்தது.

“யாரும் நவராதீங்க!”

அந்தச் சத்தத்தில் கொள்ளைக்காரர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று கேஷியர் கவுண்டருக்கு அடியில் புகுந்துகொண்டார். விஷயம் தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் உட்பட எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். குண்டூசி கிடைத்தது, ஒற்றைக் கம்மல் கிடைத்தது. மணி கிடைக்கவில்லை.

“அது இல்லாங்காட்டி எத்தப் பாத்து சார் சுடுவேன்? பேஜாரா பூடுச்சே!”

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கத்து மளிகைக் கடையில் ஜவ்வரிசி வாங்கிவந்து, அதில் உருண்டையான ஒன்றைப் பொறுக்கி, முத்திரை வைக்கிற அரக்கை உருக்கிக் குழல் நுனியில் ஒட்டினேன். மீதி கால் கிலோவில் கேஷியர் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

மறுநாள் துணைக்கு நானும் போனேன். முதல் தோட்டா வெடித்தது. சட்டி அப்படியே இருந்தது, ஜவ்வரிசிதான் பறந்துவிட்டது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சார், பூடுச்சி சார்.”

“எவ்வளவு நேரம்யா? சுடு!” என்று அதட்டினார் பயிற்சி அதிகாரி.

குழல் நுனியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டியைப் பார்த்தார். டமார்! மறுபடி டமார்! மீதி நான்கு தோட்டாவுக்கும் நான்கு சட்டி தூள் தூள்.

அதிகாரி வாயைப் பிளந்தார். “இத்தனை வருஷமா எங்கய்யா பாத்துக்கிட்டிருந்தே?”

“மணியத்தான் சார்.”

திரும்பும்போது ஜீப்பில் நடக்க இடமில்லாததால், ஊரப்பாக்கம் தாண்டும்வரை முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தார். சீட்டு மொத்தமும் ஆடியது.

அவர் தோற்றிருந்தால் எங்களுக்கு வேறொரு காவலாளி வந்திருப்பார். கிளை நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டாவது சட்டிக்கு அவர் துப்பாக்கியைத் தூக்கியபோது, ‘அந்த நிம்மதி எங்களுக்கு வேண்டாம் சாமி’ என்று கண்ணை மூடி நான் கும்பிட்டுக்கொண்டிருந்ததை, அவரிடம்கூட இதுவரை சொன்னதில்லை.