நாலு மணிக்குள் தண்ணீர்

"ம்ம்ம்..." என்று முனகியது மோட்டார். சுற்றத்தான் இல்லை.

வாத்தியார் சுவிட்சை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். கெஞ்சிக்கூடப் பார்த்தார். அது மசிகிற வழியாக இல்லை. பொறுமை போய், கையிலிருந்த ஸ்பானரால் அதன் மண்டையில் ஒரு போடு போட்டார். இருந்த முனகலும் நின்றுபோனது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!

"என்ன, சத்தத்தையே காணோம்?" சமையலறை ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது.

"ரெஸ்ட் எடுக்குதும்மா."

"எடுக்கட்டும். நானும் எங்க அண்ணன் வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கிறேன். பெட்டி கட்டியாச்சு. இன்னைக்கும் இந்த வீடு விலை போகலைன்னா நீங்களும் உங்க மோட்டாரும் சேர்ந்து குடித்தனம் பண்ணுங்க."

விளையாட்டுப் பேச்சில்லை அது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பக்கெட் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. இதற்கு முன் வீடு பார்க்க வந்த இரண்டு பேரும் குழாயைத் திறந்தார்கள். 'புஸ்' என்று காற்று வந்தது. வந்த வழியே போய்விட்டார்கள். இன்று நாலு மணிக்குப் புரோக்கர் இன்னொருவரை அனுப்புகிறார். அவரும் ஓடிவிட்டால் மனைவியும் போய்விடுவாள். அவள் இல்லாமல் தம்முடைய மூக்குக் கண்ணாடியைக்கூட வாத்தியாரால் தேடி எடுக்க முடியாது.

யாரோ கொடுத்த நம்பரில் காலையில் போன் செய்தபோது, முன்பின் பார்த்திராத மெக்கானிக், "இதோ வந்துட்டேன் சார்" என்றான். மெக்கானிக்கின் 'இதோ' எவ்வளவு நீளம் என்று கடவுளுக்கே தெரியாது.

மணி இரண்டாகும்போது கேட் கிறீச்சிட்டது. தோளில் ஒரு பை, கையில் குடை, லேசான தொப்பை.

"சார், கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன். நான்..."

"முன்னாடியா! நல்லா இருக்குப்பா நியாயம். காலையில கூப்பிட்டேன், இப்ப வந்து நிக்கிற. வா, மோட்டார் பின்னாடி இருக்கு."

"மோட்டாரா? இல்ல சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"காரணமெல்லாம் வேண்டாம். வேலையைப் பாரு."

வகுப்பில் தாமே கேள்வி கேட்டுத் தாமே பதிலும் சொல்லிப் பழகியவர் வாத்தியார். எதிராளி வாயைத் திறக்க அவரிடம் இடமே கிடையாது. வந்தவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"ஸ்பானர் எங்கப்பா?"

"கொண்டு வரலையே சார்."

"கையை வீசிக்கிட்டு வந்தியாக்கும்! இந்தா, என்னோடதைப் பிடி."

பிடித்துக்கொண்டார். "அடிக்கடி இப்படி ஆகுமா சார்?"

"ஓடின நாளை விரல் விட்டு எண்ணிடலாம்."

"கிணத்துல தண்ணி எப்படி?"

"வெயில் காலத்துல எட்டிப் பார்த்தா நம்ம முகம்கூடத் தெரியாது."

"அடப்பாவமே" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இப்படி அக்கறையாக விசாரிக்கிற மெக்கானிக்கை அவர் கண்டதே இல்லை.

பரணில் ஒரு பழைய பெரிய மோட்டார் கிடந்தது. அதை இறக்கி மாட்டச் சொன்னார். அந்த ஆள் ஒரு திருகாணியை இடப்பக்கம் திருப்ப, வாத்தியார் வலப்பக்கம் திருப்ப, எப்படியோ மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டதும் அது உறுமிய உறுமலில் பைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது. தண்ணீர் நேராகப் போய்ச் சுவரில் அறைந்தது. புதுப் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து விழுந்தது.

"ஐயையோ! நேத்துதான் பூசினேன்!"

"என்ன சார், இவ்வளவு பெரிய விரிசலு?"

"உஷ்! படுக்கையறையில இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான். பீரோவை நகர்த்தி மறைச்சு வெச்சிருக்கேன்."

"அதையும் ஒரு தடவை பார்த்துடலாமா?"

"உனக்கெதுக்கு? சரி, பைப் அந்தப் பக்கமாத்தான் போகுது. வந்து பாரு."

அவர்கள் பீரோவை நகர்த்திக்கொண்டிருக்கும்போது, நனைந்த சுவிட்சுப் பெட்டி 'டப்' என்றது. மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. கூடத்தில் பெட்டியோடு மனைவி நின்றாள்.

"ஆட்டோவைக் கூப்பிடட்டுமா?"

"கொஞ்சம் பொறும்மா, கையெடுத்துக் கும்பிடுறேன்." சொல்லும்போதே வாத்தியாருக்கு அழுகை வந்துவிட்டது. வந்தவர்தான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசியாக ஒரே வழிதான் இருந்தது. பக்கத்து வீட்டில் பக்கெட்டில் பிடித்து, மாடித் தொட்டியில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். இருவரும் படியேறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள்.

"இதெல்லாம் எதுக்கு சார்?" மூச்சு வாங்கியது அவருக்கு.

"நாலு மணிக்கு ஒரு இளிச்சவாயன் வீடு பார்க்க வர்றான். அவன் குழாயைத் திறக்கிறப்ப தண்ணி கொட்டினாப் போதும்."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் பாடு."

"பாவம் சார். விஷயம் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? உனக்கும் எனக்கும்தானே தெரியும். நீ போய்ச் சொல்லுவியா?"

"நான் எதுக்கு சார் சொல்றேன்!"

வாத்தியார் குழாயைத் திறந்தார். கொட்டியது! மனைவி நம்பாமல் கையை நீட்டிப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். முழுசாக உள்ளே கொண்டுபோகவில்லை, கீழேதான் வைத்தாள்.

நாலு மணி ஆயிற்று. வாசலில் ஒருவரையும் காணோம். இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. மனைவியின் பார்வை பெட்டிக்கும் கேட்டுக்குமாகப் போய் வந்தது. கொல்லையில் அந்த ஆள் தொட்டித் தண்ணீரைத் தாராளமாகத் திறந்துவிட்டுச் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு, தோளில் போனை இடுக்கி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடியட்டும் என்று காத்திருக்க வாத்தியாருக்குப் பொறுமையில்லை. "ஏம்ப்பா, தண்ணியை மூடு!" என்று கத்திவிட்டுப் புரோக்கருக்குப் போன் போட்டார். லைன் பிஸி. மறுபடி போட்டார். கிடைத்தது.

"என்னய்யா, நாலு மணின்னு சொன்னீங்க! வீடு பளபளன்னு இருக்கு, தண்ணி அருவியாக் கொட்டுது. எங்கய்யா உங்க ஆளு?"

"என்ன சார் விளையாடுறீங்க? அவர் ரெண்டு மணிக்கே வந்துட்டாராமே! எந்த வீட்டுக்காரரும் இவ்வளவு விவரமா வீட்டைச் சுத்திக் காட்டினதில்லைன்னு இப்பதான் போன்ல உங்களைப் புகழ்ந்து தள்ளினாரு!"