கூரை தெரிய வேண்டும்

"இது வீடா நல்லரத்தினம், அவிச்ச பயறா?"

பணிப்பாளர் வினாயகமூர்த்தி அச்சடித்த தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நகரில் முளைத்த தொண்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. உள்ளே ஏசி இருந்தது. வாசலில் வெள்ளை வாகனங்கள் நின்றன. சுவர் முழுக்கச் சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். கடல் அழித்த மாங்கேணியில் நிறுவனம் கட்டி முடித்த வீடுகளின் படம் மட்டும் இல்லை.

வீடுகள் முடிந்துவிட்டதாக, கட்டும் பொறுப்பை எடுத்த கொந்தராத்துக்காரர் சொன்னார். அவர் சொன்னதைப் பணிப்பாளர் அறிக்கையில் எழுதினார். அறிக்கையில் எழுதியதைத் தகவல் அலுவலர் நல்லரத்தினம் நம்பினார். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. போகலாமென்று நினைத்த நேரத்தில் வாகரைப் பக்கம் சண்டை தொடங்கி மாங்கேணிக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அதற்கு முன்பு ஒன்றரை வருடம் பாதை திறந்துதான் கிடந்தது. ஆனால் அப்போது வெயில் கூடுதலாக இருந்ததாம்.

இப்போது வீடுகளுக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டு அம்மையார் வருகிறார். போக முடியாவிட்டால் படத்தையாவது காட்டுங்கள் என்கிறார். யோசனை நல்லரத்தினத்துடையது. வானத்திலிருந்து எடுத்து வைத்த படங்களில் ஊர்களைப் பார்க்கும் புரோகிராம் ஒன்று புதிதாக இன்டர்நெட்டில் வந்திருந்தது. அதில் மாங்கேணியைத் தேடிப் பிடித்து, திரையில் தெரிவதைப் படமாக எடுத்து அச்சடித்துவிடலாம் என்றார்.

"கூரை தெரிஞ்சா உங்கட கொன்ட்ராக்ட் இன்னும் ரெண்டு வருசம்," என்றார் பணிப்பாளர். "தெரியாட்டி டிசம்பரோட வீட்ட போங்க."

வீடு என்றால் கிரானில் மாமனாரின் வீடு. இந்த வேலைக்கு வருமுன் நல்லரத்தினம் மாமனாரின் வயல் வட்டைக்குள் சேற்றுக்காலோடு நின்று யானைக்குக் காவல் இருந்தவர். யானைகூடச் சில நாள் வராமல் இருக்கும். மாமனார் தினமும் வருவார். மறுபடியும் அங்கே போக நல்லரத்தினம் தயாரில்லை.

ஆகவே முதல் படத்தை வேர்டில் ஒட்டி, மூலையைப் பிடித்து இழு இழு என்று இழுத்தார். அதுதான் அவிச்ச பயறு.

இரண்டாவது முறை படத்தைச் சின்னதாக்கிச் சேமித்தார். பிறகு பெரிதாக்கிச் சேமித்தார். ஏதோ யோசித்து மறுபடியும் சின்னதாக்கினார். ஒவ்வொரு சேமிப்பிலும் படம் கொஞ்சம் செத்தது.

தேத்தண்ணீர் கொண்டுவந்த சின்னத்தங்கம் திரையை எட்டிப் பார்த்தாள். அவள் மாங்கேணிக்காரி. பாதிக்கப்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தோம் என்று அறிக்கையில் ஒரு வரி வருவதற்காகவே அவளைத் தேத்தண்ணீர் ஊற்ற வைத்திருந்தார்கள்.

"என்ன சேர் இது, ஒரே புகையாக் கிடக்கு?"

"உங்கட ஊர்தான் அக்கா."

"எங்கட ஊரில இவ்வளவு புகை இல்லையே," என்றாள் சின்னத்தங்கம்.

"வெளங்காத விசயத்தில கதைக்காதீங்க. கோப்பைய வெச்சிட்டுப் போங்க."

மூன்றாவது, அலுவலகக் கமராவால் திரையையே படமெடுத்தார். பிளாஷ் அடித்தது. ஊருக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சூரியன் உதித்தது, மாங்கேணிக் கடலில் நல்லரத்தினத்தின் மீசை மிதந்தது.

"இதுக்குப் பேசாம உங்கட அடையாள அட்டையக் குடுத்திருக்கலாம்," என்றார் பணிப்பாளர்.

நான்காவது, படத்தைக் கூர்மையாக்கும் பொத்தான் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு தரம் அமுக்கியதும் கூரைகள் கொஞ்சம் எழும்பின. அங்கேயே விட்டிருக்கலாம். விடுகிற ஆளா நல்லரத்தினம்? விரல் நோக அமுக்கினார். கூரைகளைச் சுற்றி வெள்ளைக் கரை கட்டியது, கடல் முழுக்கச் சல்லிக்கல் முளைத்தது. அதைச் சீடியில் போட்டு ஓட்டமாவடியில் அச்சகம் வைத்திருக்கும் முனாப்பிடம் அனுப்பினார்.

முனாப் போன் எடுத்தார். "சேர், கடலுக்கும் கல்லுப் போட்டு றோட்டுப் போட்டுட்டீங்களா?"

இதற்கிடையில் பணிப்பாளர் சும்மா இருக்கவில்லை. அறிக்கைக்குள் சின்னதாக ஒரு படம் போதாதென்று, கூட்ட மண்டபச் சுவரை மறைக்கிற அளவுக்கு ஒரு பலகையே அடிக்கச் சொல்லிவிட்டார். சின்னப் படத்தையே தெளிவாக எடுக்கத் தெரியாத மனிதனுக்கு இப்போது சுவரளவு படம் வேண்டும்.

அம்மையார் வருவதற்கு முதல் நாள் நல்லரத்தினம் மனம் வெறுத்து, திரையை அப்படியே விட்டுவிட்டு, வெளியே போய் இரண்டு ரோல்ஸ் தின்றார். ஆற அமரத் திரும்பி வந்தவர் கதவடியிலேயே நின்றுவிட்டார். திரையில் மாங்கேணி பளிச்சென்று கிடந்தது. ஒவ்வொரு கூரையும் தனித்தனி. விசயம் இவ்வளவுதான்: டெலிபோன் லைனில் வந்த இன்டர்நெட் படத்தை மெதுமெதுவாகத்தான் தெளிவாக்கும். இந்த மனிதர் அது வந்து முடியுமுன்பே அவசரப்பட்டுப் பிடித்துப் பிடித்து, வராத தெளிவை இழுத்தும் அமுக்கியும் வரவைக்கப் பார்த்திருக்கிறார்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஊருக்குக் கிட்டப் போய், துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் தெளியும்வரை காத்திருந்து பிடித்தார். நசுக்காமல் சேமித்தார். இழுக்காமல் ஒட்டினார். முனாப் அடித்துக் கொடுத்த பலகையைப் பார்த்துப் பணிப்பாளரே வாயைப் பிளந்தார்.

"நல்லரத்தினம், அறிக்கையில சொன்னதவிடக் கூட வீடு தெரியுதே!"

"ஓம் சேர், நானும் எண்ணிப் பார்த்தன்."

"நல்ல கொந்தராத்துக்காரன். மனிசனத் தேவையில்லாமச் சந்தேகப்பட்டுட்டம்," என்றார் பணிப்பாளர் உருகிப்போய்.

அடுத்த நாள் அம்மையார் வந்தார். கூடவே காத்தான்குடியைச் சேர்ந்த பரீனா என்ற மொழிபெயர்ப்பாளரும் வந்தார். யார் பேசினாலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிற பெண். அம்மையார் பலகைக்குக் கிட்டப் போய் மூக்கு முட்டப் பார்த்தார். இவ்வளவு தெளிவான ஆதாரத்தை எந்த நிறுவனமும் தனக்குக் காட்டியதில்லை என்றார். நல்லரத்தினத்தின் காலிலிருந்து கிரான் சேறு கழன்று விழுந்தது.

அந்த நேரம் பார்த்துச் சின்னத்தங்கம் தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள்.

"ஐயோ, இது என்ட வீடெல்லோ!"

தட்டை மேசையில் வைத்துவிட்டுப் பலகையடிக்கு ஓடினாள். "இந்தா கிணறு. இது மாட்டுக் கொட்டில். இந்தா, அவர் கவிழ்த்து வெச்ச தோணி!"

பரீனா மொழிபெயர்த்தார். அம்மையார் சின்னத்தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பயனாளியே வந்து சாட்சி சொல்வதை அவர் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

"வீடு புடிச்சிரிக்கா எண்டு கேக்கிறாங்க அக்கா," என்றார் பரீனா.

"புடிக்காமலா? என்ட மனுசன் தன்ட கையால கட்டின வீடெல்லோ."

"பயனாளிகளின் பங்களிப்பு!" என்று பணிப்பாளர் குறுக்கே பாய்ந்து விளக்கினார். அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார். பணிப்பாளர் நல்லரத்தினத்தின் காதுக்குள் குனிந்தார். "ரெண்டு வருசமில்ல. மூண்டு."

நல்லரத்தினம் மாமனாரை நினைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மையார் மறுபடி ஏதோ கேட்டார். பரீனா சின்னத்தங்கத்தின் பக்கம் திரும்பினார். "இன்னும் என்ன வேணும், கூச்சப்படாமக் கேளுங்க எண்டு சொல்றாங்க அக்கா."

சின்னத்தங்கம் கூரையை விரலால் ஒரு தரம் தடவிவிட்டு நல்லரத்தினத்தைப் பார்த்தாள்.

"இந்தப் படத்தில ஒண்டு எனக்குத் தாங்க சேர், கடல் கொண்டுபோன வீட்ட மறுகாப் பாக்கிறதுக்கு எங்களிட்ட ஒரு படமும் மிஞ்சல்ல."